மரத்துள் மறைந்த உருவம்: பூவரசும் திக்கியும்

மரத்தாற் செய்யப்பட்ட யானையொன்றைக் காணும் குழந்தை அதனை யானை என்றே எண்ணி மகிழும். தச்சரோ அதில் யானையைக் காணார். இது என்ன மரம், எவ்வளவு வைரம் ஏறியது, இழை எத்திசையில் ஓடுகின்றது என்றே நோக்குவார். இவ்வுவமையைக் கொண்டு திருமூலர் தமது திருமந்திரத்தில் ஆழ்ந்ததொரு மெய்ப்பொருளை விளக்கினார். அம்மெய்ப்பொருளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. குழந்தையின் கண்ணாலும் தச்சரின் கண்ணாலும் ஒரு மரச் சிற்பத்தை நோக்கி, அஃது எவ்வாறு உருவாகின்றது என்பதை எமது மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைப்பதே நோக்கமாகும்.

அதற்கென நாம் தெரிந்துகொண்ட சிற்பம் 'திக்கி' எனப்படுவது. பசிபிக் பெருங்கடலின் நடுவே வாழும் தீவு மக்களின் சிற்பம் அது. எங்கோ கிடக்கும் தீவுகளின் சிற்பத்துக்கும் ஜேர்மனியில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. அது பிறக்கும் மரம் எமது ஊர் வேலியில் நிற்கும் மரம். அதனைப் பற்றிய மிக விரிவான நூல் ஜேர்மன் மொழியில் எழுதப்பட்டது. அதனைச் செதுக்கிய மக்களுக்கு நேர்ந்த கதையோ எமக்கு மிகவும் பழக்கமானது.

திக்கி என்பது யாது?

பொலினீசிய மக்களின் பழங்கதைகளிலே திக்கி என்பது ஆதி மனிதனின் பெயர். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் முதல் மனிதனைத் திக்கி என்பர். மார்க்கேசஸ் தீவுகளிலே தெய்வநிலை எய்திய முன்னோரின் உருவமும் அப்பெயராலேயே வழங்கும். கல்லிலும் மரத்திலும் எலும்பிலும் அவ்வுருவம் செதுக்கப்பட்டது. இவற்றுட் சில கைக்குள் அடங்குவன. ஹிவா ஓவா என்னும் தீவிலே ஆளுயரத்தை விஞ்சிய கற்சிலைகளும் உள.

மார்க்கேசஸ் திக்கியை ஒருமுறை கண்டவர் மறவார். தலை மிகப் பெரிது. முழு உயரத்தின் மூன்றிலொரு பங்கு அளவுக்கு அது இருக்கும். 'மனா' எனப்படும் ஆற்றல் தலையிலே உறைகின்றது என அம்மக்கள் நம்பியமையே இதற்குக் காரணம். கண்கள் வட்டமாக அகன்றவை. வாய் நீண்டு விரிந்தது. கைகள் வயிற்றின்மீது பதிந்திருக்கும். முழங்கால்கள் சற்று மடிந்திருக்கும். உடலின் உண்மை அளவுகளைச் சிற்பி அறியாதவன் அல்லன். எதனைப் பெரிதாகக் காட்டவேண்டும் என்பதை அறிந்தே அவன் அவ்வாறு செதுக்கினான்.

வைரமும் வெளிறும்

சிற்பத்தின் முதற் படி மரத்தைத் தெரிதல். தமிழர் இதனைப் பண்டே நுணுகி நோக்கியவர்கள். தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் எனவும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் எனவும் பிரிக்கின்றது. அவ்வகையிற் பனையும் தென்னையும் புல்லினத்தைச் சேர்ந்தனவாகும். பனையின் வெளிப்புறம் இரும்பு போன்றது. உள்ளே சோறு எனப்படும் மென்பகுதி. எனவே பனையிலிருந்து வளையும் சலாகையும் கிடைக்கும். திரண்ட சிற்பம் கிடைக்காது. சிற்பத்திற்கு வேண்டியது அகத்தே வயிரம் பாய்ந்த மரம். அவ்வயிரத்தைச் சூழ்ந்து பட்டைக்கு உட்புறமாக இருக்கும் வெளிர்நிறப் பகுதி வெளிறு எனப்படும். வெளிற்றைப் புழு விரைவில் அரிக்கும். ஆதலின் நல்ல சிற்பி அதனை நீக்கிவிடுவான்.

மார்க்கேசஸ் சிற்பிகள் இன்றும் விரும்பும் மரங்களுள் ஒன்றை அவர்கள் 'மியோ' என்பர். தாகித்தித் தீவில் 'மிரோ', ஹவாயில் 'மிலோ'. இதய வடிவான இலையும், காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலையிற் செந்நிறமாகும் பூவும் உடையது அது. பெற்றோர் இதற்குள் அதனை அறிந்திருப்பர். அதுவே எமது பூவரசு! இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதும், குழையை வெட்டித் தோட்டத்திற் பசளையாகத் தாழ்த்ததும் இம்மரத்தில்தான். அதன் காய் உப்புநீரில் நெடுநாள் மிதந்து, அடைந்த கரையில் முளைக்க வல்லது. ஆகவே இந்துமாக் கடலோரத்திலும் பசிபிக் தீவுகளிலும் ஒரே மரம் நிற்கின்றது. அதன் வயிரம் கருஞ்செந்நிறமானது; நெருங்கிய இழை உடையது; மெருகிட்டால் நன்கு ஒளிரும்.

பூவரசு மட்டுமன்று. எமது நெய்தல் நிலத்துப் புன்னையும், கடற்கரைச் சவுக்கும் அத்தீவுகளில் உள. சவுக்கை அவர்கள் 'தோவா' என்பர். அதன் வயிரத்தாலேயே 'உஉ' எனப்படும் போர்த் தண்டங்களைச் செய்தனர். ஒன்றரை மீற்றர் அளவு நீளமுள்ள அத்தண்டத்தின் தலையிலே ஒரு முகம். அம்முகத்தின் கண்களிலும் சிறு முகங்கள் உண்டு.

ஜேர்மனியிற் பூவரசு கிடைப்பது அரிது. இங்குள்ள சிற்பிகளின் மரபு மரம் லிண்டே என்பது. காய்ந்த லிண்டே மரம் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 530 கிலோ நிறையுடையது. ஓக் மரம் ஏறத்தாழ 700 கிலோ. எமது முதிரையோ 900 கிலோவை விஞ்சும். நிறை கூடக் கூட உளிக்கு வேலையும் கூடும். ஆதலால் முதன்முறை உளி பிடிப்பவர் லிண்டே மரத்திற் பழகுவது நன்று. பின்னர் வால்நட், ஓக் ஆகிய வன்மரங்களுக்குச் செல்லலாம்.

காய்தலும் வெடித்தலும்

ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவந்த மரச் சிற்பம், இங்கு முதற் குளிர்காலத்திலேயே வெடித்துவிட்டதெனக் கவலையுற்ற பெற்றோர் எம்மிடையே பலர். செய்தவரின் குறையென்று அதனை எண்ணிவிடுதல் ஆகாது. மரம் வெட்டுண்ட பின்னரும் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியும் வெளிவிட்டும் கொண்டேயிருக்கும். எமது ஊரின் காற்று ஈரமானது. இங்கு வெப்பமூட்டி எரியும் அறையின் காற்றோ மிக வறண்டது. திடீரென ஈரம் இழக்கும் மரம் சுருங்குகின்றது.

அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவினதன்று. ஓக் மரம் பச்சை நிலையிலிருந்து முற்றாகக் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் 8 முதல் 10 வீதம் வரை சுருங்கும். மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 4 முதல் 5 வீதமே சுருங்கும். நீளப்பாட்டிலோ அரை வீதமும் இல்லை. வளையம் ஒருபுறம் மிகுதியாக இறுக, உள்மரம் அதற்கு ஈடுகொடாது நிற்பதனாலேயே வெடிப்பு உண்டாகின்றது. நடுக்குருத்தோடு கூடிய முழு மரக்குற்றி வெடியாது காய்வது அரிது. ஆதலின் குற்றியை நடுவே பிளந்து, குருத்தை நீக்கிய துண்டையே எடுத்தல் வேண்டும். அதன் இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலிலே காயவிடுக. முனைகளின் வழியாகவே ஈரம் மிக விரைவாக வெளியேறும் என்பதே மெழுகு பூசுவதன் காரணம். ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு ஓராண்டு என்பது இந்நாட்டுத் தச்சரின் பழைய கணக்கு. இவ்வளவு காலம் பொறுக்கவியலாதோர் நன்கு காய்ந்த துண்டை விலைக்கு வாங்கலாம்.

ஜேர்மன் சிற்பிகள் இதற்கு மற்றொரு வழியும் கண்டனர். பெரிய உருவங்களின் பின்புறத்தைக் குடைந்து வெறுமையாக்கிவிடுவர். உள்மரம் நீங்கியதும் உருவம் வெடியாது சுருங்க இடமுண்டாகும். ரில்மன் ரீமென்ஷ்னைடர் என்னும் பெருஞ்சிற்பியின் லிண்டே மரப் பலிபீடம் ரோத்தன்பேர்க் நகரின் புனித யாக்கோபு தேவாலயத்தில் உள்ளது. 1501க்கும் 1505க்கும் இடையே செதுக்கப்பட்ட அப்பீடத்திற்குப் பல வண்ணங்கள் தீட்டப்படவில்லை. உளியின் வேலையே அங்கு வண்ணமாக நிற்கின்றது. விடுமுறையிற் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்கது.

செதுக்கும் முறை

இனி, 30 சென்ரிமீற்றர் உயரமான ஒரு திக்கியைச் செதுக்கும் முறையை நோக்குவோம். சிறு பிள்ளைகள் இதனைப் பெற்றோரின் துணையோடு மட்டுமே செய்தல் வேண்டும்.

முதலாவது, வரைதல். உருவத்தின் முன்தோற்றத்தையும் பக்கத் தோற்றத்தையும் கடதாசியில் முழு அளவில் வரைக. தலைக்கு 10 சென்ரிமீற்றர், உடலுக்கு 10, காலுக்கு 10 எனப் பிரித்தால் திக்கியின் அளவு பெரும்பாலும் அமையும். இவ்வரைவுகளை மரத்துண்டின் முன்முகத்திலும் பக்கமுகத்திலும் பதித்து, நடுக்கோடு ஒன்றைத் தலை முதல் அடி வரை இடுக. செதுக்குகையில் நடுக்கோடு அழிந்துபோகும். அழியும்தோறும் மீண்டும் இடுதல் வேண்டும். கோடு இழந்தவனின் உருவம் கோணிவிடும்.

இரண்டாவது, பருவெட்டு. மரத்தை மேசைப் பிடியில் இறுக்கி, கழுத்து, இடை, முழங்கால் ஆகிய ஒடுங்கிய இடங்களில் வாளினாற் குறுக்கே அறுத்து நிறுத்துக. பின்பு அவ்வறுப்பை நோக்கி அகன்ற உளியினாலும் கொட்டாப்புளியினாலும் வெட்டினால் துண்டுகள் அவ்விடத்திற் கழன்றுவிடும். பிளவு அப்பாற் செல்லாது. தீவு மக்கள் இவ்வேலையைக் கல்லாலான வாய்ச்சியினாற் செய்தனர். இரும்பு அவர்களிடம் வருமுன்னர் கல்லும் சிப்பியும் எலும்பும் சுறாப் பல்லுமே அவர்தம் கருவிகள்.

மூன்றாவது, தளம் அமைத்தல். மூக்கு, புருவம், வயிறு, முழங்கால் முதலிய மேடுகளை முதலிற் காத்துக்கொள்க. முகத்தை மட்டும் முடித்துவிட்டு உடலுக்கு வரும் அவசரம் புதியவர்களின் பொதுக்குற்றம். உருவத்தைத் திருப்பித் திருப்பி நாற்புறமும் ஒரே அளவாகக் குறைத்து வருதல் வேண்டும். களிமண்ணிற் குறைந்ததை மீண்டும் அப்பலாம். மரத்தில் எடுத்தது எடுத்ததே. ஐயம் எழுந்த இடத்திற் சற்று மரத்தை விட்டுவைப்பதே அறிவுடைமை.

நான்காவது, இழையின் போக்கு. பூனையின் மயிரை வாற்புறமாகத் தடவினால் அது படியும். எதிர்ப்புறமாகத் தடவினாற் சிலிர்க்கும். மரமும் அத்தன்மையதே. மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி உளியைச் செலுத்தினால் வெட்டு வழுவழுப்பாக வரும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறினால் இழை பிய்ந்து எழும். ஒரு பள்ளத்தை இருபுறமிருந்தும் இறங்கியே குடைதல் வேண்டும். உளி முரண்டு பண்ணும் இடத்திற் பலத்தைக் கூட்டாது திசையை மாற்றுக.

ஐந்தாவது, கூர்மை. மென்மரத்துக்கு உளியின் வாயை ஏறத்தாழ 20 பாகையிலும், வன்மரத்துக்கு 25 பாகையிலும் தீட்டுவர். மிக மெல்லிய வாய் வன்மரத்தில் உடைந்துவிடும். தீட்டுக்கல்லில் தீட்டிய பின் தோல்வாரில் இழுத்து மினுக்குதல் வழக்கம். கூரிய உளியினும் மழுங்கிய உளியே அபாயமானது. மழுங்கியதை அழுத்தித் தள்ளவேண்டியிருப்பதால் அது திடீரென வழுக்கும். இரு கைகளும் எப்போதும் உளிவாய்க்குப் பின்னாலேயே இருத்தல் வேண்டும் என்னும் ஒரு விதியை மட்டும் பிள்ளைகள் மனத்திற் பதித்துக்கொண்டாற் போதும்.

இறுதியாகவே கண்ணும் வாயும் விரல்களும் வரும். குழிவான வாயுடைய உளியாற் கண்ணின் வட்டத்தை மெல்லச் சுற்றி இறக்குக. எமது கோயில் மரபிலும் கண் கடைசியிலேயே திறக்கப்படுகின்றது. சிற்பாசாரியார் விக்கிரகத்தின் ஏனைய உறுப்புக்கள் யாவும் முடிந்த பின்னரே கண் திறக்கும் கிரியையைச் செய்வார். தொழில்முறையிலும் அது பொருத்தமானதே. ஏனைய மேடு பள்ளங்கள் நிலைபெற்ற பின்னரன்றிக் கண்ணின் சரியான இடம் புலனாகாது.

மெருகிடுதல்

செதுக்கி முடிந்த உருவத்தில் உளித்தடங்களை அப்படியே விடலாம். தேய்த்து வழுவழுப்பாக்கவும் செய்யலாம். தேய்ப்பதாயின் 80, 120, 180, 240 என்னும் இலக்கமுள்ள அரத்தாள்களைப் பருமையிலிருந்து நுண்மைக்கு முறையே பயன்படுத்துக. ஒன்றைத் தாண்டி மற்றதற்குப் பாய்ந்தால் பழைய கீறல்கள் மெருகிட்ட பின் வெளித்தோன்றும். இடையே ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால் படிந்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். மீண்டும் இலேசாகத் தேய்க்க அவை நீங்கும். தீவு மக்களுக்கு அரத்தாள் இல்லை. பவளப்பாறைத் துண்டும் மணலும் திருக்கைத் தோலும் கொண்டே அவர்கள் தேய்த்தனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஓக், பீச் போன்ற வன்மரங்களின் நுண்தூளை நெடுங்காலம் சுவாசிப்பது மூக்கிலே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆதலின் முகக்கவசம் அணிந்தே தேய்த்தல் வேண்டும்.

அடுத்தது எண்ணெய். தேங்காயெண்ணெய் மரத்தில் இறுகாது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகிப் படலமாகும். அதனை மெல்லியதாகப் பூசி, இருபது நிமிடத்தின் பின் மிகுந்ததைத் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு மீண்டும் பூசுக. மூன்று பூச்சுப் போதும். துடைத்த துணியைச் சுருட்டி எறிதல் கூடாது. எண்ணெய் இறுகும்போது எழும் வெப்பத்தால் அது தானாகவே தீப்பற்றும். வெளியில் விரித்து உலர்த்துக. அல்லது நீரில் அமிழ்த்துக. நிறைவாகத் தேன்மெழுகு தடவித் துணியால் மினுக்கினால் மரத்தின் நிறம் எழும். மார்க்கேசஸ் மக்களின் மெருகோ தனித்தன்மை வாய்ந்தது. சவுக்குத் தண்டத்தைச் சேம்பு வயலின் சேற்றிலே புதைத்து வைத்து, எடுத்துத் தேங்காயெண்ணெய் தேய்த்துக் கரிய ஒளி ஏற்றினர்.

கை இழந்ததும் கை மீட்டதும்

1772ஆம் ஆண்டு கப்பித்தான் குக்கின் இரண்டாவது கடற்பயணத்தில், பதினேழு வயதான கேயோர்க் போர்ஸ்ரர் என்னும் ஜேர்மன் இளைஞனும் தன் தந்தையோடு கப்பலேறினான். 1774இல் அவர்கள் மார்க்கேசஸ் தீவுகளை அடைந்தனர். அப்பயணங்களிற் சேர்ந்த பொருள்கள் பல இன்றும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் உள. இதே போர்ஸ்ரரே 1791இற் காளிதாசரின் சாகுந்தலத்தை ஆங்கில வழியாக ஜேர்மன் மொழிக்குத் தந்தவர் என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

அதன்பின் வந்த காலம் அத்தீவுகளுக்கு மிகக் கொடியது. 1842இல் அவை பிரான்சின் ஆட்சிக்குட்பட்டன. வெளியிலிருந்து வந்த நோய்கள் மக்களைக் கொன்றன. பல்லாயிரம் பேர் வாழ்ந்த தீவுகளில் 1920களில் எஞ்சியோர் ஏறத்தாழ ஈராயிரம் பேரே. மறைப்பணியாளரும் ஆட்சியாளரும் பச்சை குத்துதலையும் பழைய ஆடல் பாடல்களையும் தடைசெய்தனர். தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற தொழிலின் பெரும்பகுதி அறுந்தது.

அந்நிலையில் 1897இற் பேர்லின் அருங்காட்சியகத்தின் சார்பிற் கார்ல் பொன் டென் ஸ்ரைனன் என்னும் மருத்துவர் அங்கு சென்றார். முதியோரைக் கேட்டு, கண்ட கோலங்களையெல்லாம் வரைந்தும் படமெடுத்தும் பதிவுசெய்தார். மார்க்கேசஸ் மக்களையும் அவர்தம் கலையையும் பற்றிய அவரது நூல் 1925 முதல் 1928 வரை மூன்று தொகுதிகளாக ஜேர்மன் மொழியில் வெளிவந்தது. பல பத்தாண்டுகளின் பின்னர், தம் முன்னோரின் கோலங்களைத் தேடிய அத்தீவின் இளஞ்சிற்பிகள் அந்நூலின் படங்களையே திறந்தனர். 1987இல் அவர்களின் முதலாவது கலைவிழா நடந்தது. 2024இல் அத்தீவுகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றன.

ஆயினும் நூல் ஒன்றே அதனைச் செய்துவிடவில்லை என்பதை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். நூல் கோலத்தைக் காத்தது. பூவரசின் இழை எப்புறம் ஓடும், உளியை எங்கே திருப்பவேண்டும் என்பதை எந்தப் படமும் கற்பிக்காது. அதனை அறிந்த சில கைகள், விற்பனைக்கெனக் கிண்ணமும் தண்டமும் செதுக்கிக்கொண்டேனும், இடையறாது இயங்கிவந்தன. மொழியும் முற்றாக அழியவில்லை. காத்துவைத்த நூலும் ஓயாத கையும் சேர்ந்தபோதே கலை மீண்டது.

நாமும் நூலை இழந்தவர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. எரிந்தவற்றுட் பல வேறெங்கும் இல்லாதவை. எனவே பதிவின் அருமையை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் பாடநூலை மட்டும் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டு, வீட்டிலே தமிழ் பேசாதிருப்போமாயின், உளியின் படத்தைக் கொடுத்துச் சிற்பம் கேட்பவர்களாவோம். வார இறுதியில் ஓரிரு மணி நேரம் எமது பள்ளி நூலைத் தருகின்றது. கையைத் தரவேண்டியது வீடு.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது வேலியிலே பூவரசைத் தேடிப் பாருங்கள். இலையைச் சுருட்டி ஊத அம்மம்மாவிடம் கேட்டுப் பழகுங்கள். இங்கு அருங்காட்சியகத்திற்குச் செல்லும்போது, வட்டக் கண்களோடு வயிற்றிற் கைவைத்து நிற்கும் திக்கியைக் கண்டால், முதலில் அதன் முகத்தைக் கண்டு மகிழுங்கள். பின்னர் சற்று நெருங்கி, உளி எத்திசையிற் சென்றது என்று மரத்தைப் பாருங்கள்.